கையை அசைத்தால் வாள் அசையும்: மோஷன் கண்ட்ரோலில் ஒரு சாகச கேம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் எதில் அதிகம் தடுமாறுகிறார்கள் தெரியுமா? விண்டோஸில் அல்ல, கீபோர்டிலும் அல்ல. மவுஸில்தான்! கர்சர் ஸ்கிரீனின் நடுவில் நின்றுகொண்டிருக்கும். மவுஸோ மேஜையின் விளிம்புக்கு வந்துவிட்டிருக்கும். இனி எங்கே நகர்த்துவது என்று திகைத்துப் போவார்கள். மவுஸைத் தூக்கி மறுபடியும் மேஜையின் நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லித் தரும் வரை அந்தத் திகைப்பு தீராது. கம்ப்யூட்டரில் கோளாறு என்றே சிலர் முடிவு கட்டிவிடுவார்கள்.

இந்த மாதம் நாம் பார்க்கப்போகும் கேமிலும் ஏறக்குறைய இதே கதைதான். மவுஸுக்குப் பதில் கையில் ஒரு வாள். வாள் என்றால் நிஜ வாள் அல்ல. வாளாக மாறும் ஒரு கண்ட்ரோலர். நீங்கள் கையை இடது பக்கம் சாய்த்தால் டிவியில் உள்ள வீரனின் வாளும் இடது பக்கம் சாயும். மேலிருந்து கீழே வீசினால் அவனும் அப்படியே வீசுவான். கேட்கவே ஜோராக இருக்கிறதல்லவா? ஆனால் முதல் மூன்று நாட்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

என்ன கேம் இது?

கேமின் பெயர் 'த லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்'. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்டது. ஸெல்டா வரிசையின் முதல் கேம் 1986ல் வந்தது. அதன் 25வது ஆண்டான 2011ல், வீ என்ற கேம் கன்சோலுக்காக ஸ்கைவர்ட் ஸ்வோர்ட் வெளியானது. பத்து ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலை 16ல், இதையே மெருகேற்றி ஸ்விட்ச் கன்சோலுக்கு 'ஸ்கைவர்ட் ஸ்வோர்ட் ஹெச்.டி.' என்று கொண்டுவந்தார்கள். இதை இயக்கியவர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி. பின்னாளில் 2017ல் வந்த 'ப்ரெத் ஆஃப் த வைல்ட்' கேமை இயக்கியவரும் இவரே.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேகங்களுக்கு மேலே ஸ்கைலாஃப்ட் என்று ஒரு தீவு மிதக்கிறது. அங்கே வாழ்பவர்களுக்கு ஆளுக்கொரு பெரிய பறவை துணை. அதன் முதுகில் ஏறித்தான் ஊர் சுற்றுவார்கள். வீரர் பள்ளியில் படிக்கும் லிங்க் என்ற இளைஞனும், பள்ளித் தலைவரின் மகள் ஸெல்டாவும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். ஒருநாள் இருவரும் பறந்துகொண்டிருக்கும்போது கரும் சூறாவளி ஒன்று ஸெல்டாவை மேகத்துக்குக் கீழே இழுத்துச் சென்றுவிடுகிறது. கீழே ஒரு உலகம் இருப்பதே பலருக்கும் தெரியாது. தெய்வ வாள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு லிங்க் அவளைத் தேடிக் கீழே இறங்குகிறான். அந்த வாளுக்குள் குடியிருக்கும் ஃபை என்ற ஆவி அவனுக்கு வழிகாட்டி.

கீழே காடு, எரிமலை, பாலைவனம் என்று மூன்று பெரிய பகுதிகள் உள்ளன. பாலைவனத்தில் ஒரு அதிசயக் கல் இருக்கிறது. அதைத் தட்டினால் சுற்றியுள்ள இடம் மட்டும் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். மணல் இருந்த இடத்தில் புல் முளைக்கும். துருப்பிடித்துக் கிடந்த ரோபோ எழுந்து பேசும். சில அடி தள்ளிப் போனால் மறுபடியும் பாலைவனம்தான். இதைப் பார்ப்பதற்காகவே இந்த கேமை விளையாடலாம்.

ஸெல்டா வரிசையில் பல கேம்கள் வந்திருந்தாலும், கதைக் காலப்படி இதுதான் முதலாவது. எனவே முந்தைய கேம்களை விளையாடியிருக்க வேண்டுமே என்ற கவலை வேண்டாம்.

ஈ ஓட்டிய கதை

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். முதல் நாள் மிக உற்சாகமாக ஆரம்பித்தேன். சோபாவிலிருந்து எழுந்து நின்று, கண்ட்ரோலரை ஓங்கி ஓங்கி வீசினேன். சின்னச் சின்ன எதிரிகள் எப்படியோ செத்தார்கள். நாமும் பெரிய வீரன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கோயிலின் முடிவில் கிராஹிம் என்ற வில்லன் வந்தான். கையில் ஆயுதம்கூட இல்லை. நான் வாளை வீசினேன். அவன் இரண்டு விரல்களால் வாளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். மறுபடி வீசினேன். மறுபடி பிடித்தான். பிறகு என் வாளையே பிடுங்கிக்கொண்டான். பத்து நிமிடத்தில் என் இதயங்கள் எல்லாம் காலி. அன்று இரவு மட்டும் ஐந்து முறை தோற்றேன். மறுநாளும் தோல்வி. மூன்றாம் நாள், 'இந்த கண்ட்ரோலரில் ஏதோ கோளாறு, நான் ஒரு பக்கம் வீசினால் அது ஒரு பக்கம் போகிறது' என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்பது திட்டம். கொடுத்த பணத்தை நினைத்தால் வயிறு எரிந்தது. வீட்டில் யாரிடமும் விலையைச் சரியாகச் சொல்லியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பெட்டியைப் பார்த்த என் மகன், "அப்பா, கண்ட்ரோலர் நல்லாத்தான் இருக்கு. நீங்க வாள் சுத்தலை, ஈ ஓட்டுறீங்க" என்றான். கோபம் வந்தது. ஆனால் அவன் பெட்டியைப் பிரித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே மணிக்கட்டை மட்டும் அசைத்து விளையாடியதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. என் கண்ட்ரோலர் கெட்டுப்போகவில்லை. அது என்ன பார்க்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கண்ட்ரோலருக்குள் என்ன இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள 2006ஆம் ஆண்டுக்குப் போவோம். அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்த வீ கன்சோலுடன் டிவி ரிமோட் போன்ற ஒரு கண்ட்ரோலர் வந்தது. அதற்குள் ஆக்ஸிலரோமீட்டர் என்ற சிறு சிப் இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறீர்கள். வண்டி கிளம்பினால் பின்னால் சாய்கிறீர்கள். கண்ணை மூடியிருந்தாலும் பஸ் என்ன செய்கிறது என்று உங்கள் உடம்புக்குத் தெரிந்துவிடும். இந்த சிப்பும் அப்படித்தான். உள்ளே நுண்ணிய சிலிக்கன் துண்டு ஒன்று ஸ்பிரிங் போன்ற அமைப்பில் தொங்குகிறது. அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதை அளந்து, வேகம் கூடுவதையும் குறைவதையும் கண்டுபிடிக்கிறது. பூமியின் ஈர்ப்பு விசையும் அதை எப்போதும் கீழ்நோக்கி இழுப்பதால், கண்ட்ரோலர் சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடுகிறது.

அந்த ரிமோட்டின் முனையில் அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் ஒரு சிறு கேமராவும் உண்டு. டிவிக்கு மேலே 'சென்சார் பார்' என்ற பட்டையை வைக்கச் சொல்வார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் உள்ளன, அவ்வளவே. அந்த விளக்குகளைப் பார்த்து, தான் எங்கே குறிவைக்கிறோம் என்பதை ரிமோட்தான் கணக்கிடுகிறது. சென்சார் பார் பழுதானபோது டிவிக்கு முன்னால் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்து விளையாடியவர்கள் உண்டு!

வீ வெளியான அன்றே 'ட்வைலைட் பிரின்சஸ்' என்ற ஸெல்டா கேமும் வந்தது. இதில் ஒரு வேடிக்கை. லிங்க் இடது கைக்காரன். விளையாடுபவர்களில் பெரும்பாலோர் வலது கைக்காரர்கள். வலது கையை வீசினால் திரையில் இடது கை வீசுவது ஒட்டவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணாடியில் பார்ப்பதுபோல் கேம் முழுவதையும் இடம் வலமாகத் திருப்பிவிட்டார்கள். அதனால் வீ பதிப்பில் சூரியன் மேற்கே உதிக்கும்! ஸ்கைவர்ட் ஸ்வோர்டில் அந்தச் சிரமம் இல்லை. லிங்க்கையே வலது கைக்காரனாக ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் ட்வைலைட் பிரின்சஸில் நீங்கள் எப்படி வீசினாலும் ஒன்றுதான். ரிமோட்டை ஆட்டினால் லிங்க் வாளை வீசுவான். எந்தக் கோணத்தில் ஆட்டினீர்கள் என்பதை கேம் பார்க்காது. பட்டனை அழுத்துவதற்குப் பதில் கையை ஆட்டினோம் என்பதைத் தவிர வித்தியாசம் இல்லை. நான் மூன்று நாட்கள் ஓட்டிய ஈ அந்த கேமில் பலித்திருக்கும்.

இந்தக் குறையை நீக்க 2009ல் 'மோஷன் பிளஸ்' என்ற சிறு இணைப்பு வந்தது. அதற்குள் இருந்தது கைரோஸ்கோப். ஒரு பொருள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை இது அளக்கும். ஆக்ஸிலரோமீட்டரும் கைரோஸ்கோப்பும் சேர்ந்த பிறகுதான் கையின் ஒவ்வொரு திருப்பத்தையும் கேம் அறிந்துகொள்ள முடிந்தது. ஸ்கைவர்ட் ஸ்வோர்ட் இதை நம்பியே உருவானது. வீ கன்சோலில் மோஷன் பிளஸ் இல்லாமல் இந்த கேமை விளையாடவே முடியாது.

இன்றைய ஸ்விட்ச் கன்சோலின் ஜாய்கான் கண்ட்ரோலர்களில் இந்த இரண்டு சென்சார்களும் உள்ளேயே இருக்கின்றன. அவ்வளவு ஏன், உங்கள் சட்டைப் பையில் உள்ள ஸ்மார்ட்போனிலும் இதே வகை சென்சார்கள்தான். போனைத் திருப்பினால் படம் திரும்புகிறதே, அது இவற்றின் வேலைதான்.

வாள் ஏன் திசை மாறுகிறது?

கொஞ்ச நேரம் விளையாடிய பிறகு, நீங்கள் நேராகப் பிடித்தாலும் திரையில் குறி ஒரு பக்கமாகத் தள்ளி நிற்பதைப் பார்ப்பீர்கள். புதியவர்கள் கண்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று நினைப்பது இங்கேதான். கெடவில்லை. காரணம் இதுதான்.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருப்பத்தையும் உங்களால் உணர முடியும். இடது, வலது, மறுபடி இடது என்று மனத்தில் கணக்கு வைத்துக்கொண்டே வரலாம். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கணக்கு ஒரு இம்மி தவறினாலும், இருபது திருப்பங்களுக்குப் பிறகு கிழக்கு எது, வடக்கு எது என்று குழம்பிவிடும். கைரோஸ்கோப்பும் சுழலும் வேகத்தைத்தான் அளக்கிறது. அந்த வேகத்தைக் கூட்டிக் கூட்டித்தான் இப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணக்கிடப்படுகிறது. சிறு சிறு பிழைகளும் அதோடு கூடிக்கொண்டே போகும்.

மேலே கீழே சாய்வதில் ஏற்படும் பிழையை ஆக்ஸிலரோமீட்டர் திருத்திவிடும். ஏனென்றால் ஈர்ப்பு விசை எப்போதும் கீழ்நோக்கியே இருக்கிறது. அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இடது வலது திருப்பத்துக்கு அப்படி ஒரு அளவுகோல் கிடையாது. அதனால் அந்தப் பிழையை நாம்தான் திருத்த வேண்டும்.

எப்படி? ஸ்விட்ச் பதிப்பில் கண்ட்ரோலரை டிவியின் நடுப்பகுதியை நோக்கிப் பிடித்து 'ஒய்' பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். குறி நடுவுக்கு வந்துவிடும். வீ பதிப்பில் இதற்கு டி-பேடின் கீழ் பட்டன். மேஜை விளிம்புக்குப் போன மவுஸைத் தூக்கி நடுவில் வைத்தோமே, அதேதான் இது. வில், பறக்கும் வண்டு போன்றவற்றை எடுக்கும்போதெல்லாம் ஒருமுறை ஒய் பட்டனைத் தட்டும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால், ஸ்விட்ச்சில் சிஸ்டம் செட்டிங்ஸ் சென்று, கண்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ் பகுதியில் மோஷன் கண்ட்ரோல்களை காலிப்ரேட் செய்யும் வசதி உள்ளது. ஜாய்கானைச் சமமான மேஜை மீது அசையாமல் வைத்துவிட்டு, திரையில் சொல்கிறபடி செய்யுங்கள். மெத்தை மீதோ மடி மீதோ வைத்துச் செய்யக் கூடாது.

வாள் வீசும் முறை

இனி முக்கியமான விஷயம். வீசும் வேகத்தை மட்டுமல்ல, வீசும் கோணத்தையும் இந்த கேம் கவனிக்கிறது. மேல், கீழ், இடம், வலம், நான்கு மூலைகள் என்று எட்டுத் திசைகளில் வெட்டலாம். முன்னால் குத்தலாம். எதிரிகள் ஒவ்வொருவரும் ஒரு பூட்டு; சரியான திசைதான் சாவி.

காட்டில் டெகு பாபா என்ற மாமிசம் தின்னும் செடி வரும். அதன் வாய் குறுக்காகத் திறந்தால் குறுக்காக வெட்ட வேண்டும். நெடுக்காகத் திறந்தால் மேலிருந்து கீழே வெட்ட வேண்டும். பொகோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் ஆயுதத்தை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துத் தடுக்கும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வெட்டுங்கள். முதல் கோயிலில் சுவரில் ஒரு கண் உங்கள் வாள் முனையையே பார்த்துக்கொண்டிருக்கும். வாளை நீட்டி, வட்டம் போடுங்கள். கண்ணுக்குத் தலை சுற்றி, கதவு திறக்கும்! சிரிக்காமல் இருக்க முடியாது.

என் மகன் சொல்லித் தந்த முறை இதுதான். நடுவில் நிறுத்துங்கள். எந்தத் திசையில் வெட்டுவது என்று முடிவு செய்யுங்கள். கண்ட்ரோலரை மெதுவாக அதற்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். மெதுவாகக் கொண்டுபோனால் கேம் அதை வீச்சாக எடுத்துக்கொள்ளாது. வாளின் நிலை மட்டும் மாறும். பிறகு ஒரே வெட்டு. கையை மீண்டும் மெதுவாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நான் செய்த தவறு, வலமிருந்து இடமாக வீசிய கையை அதே வேகத்தில் திருப்பிக் கொண்டுவந்ததுதான். அந்தத் திரும்பலை கேம் இன்னொரு வெட்டாக எடுத்துக்கொண்டது. 'நான் ஒரு பக்கம் வீசினால் அது ஒரு பக்கம் போகிறது' என்று நான் புலம்பியதன் ரகசியம் இதுவே.

கிராஹிமை வெல்லும் வழியும் இதில்தான் இருக்கிறது. அவன் கை உங்கள் வாளைத் தொடர்ந்து வரும். வாளை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, அவன் கை அந்தப் பக்கம் வரும் வரை காத்திருங்கள். பிறகு சட்டென்று மறுபக்கத்திலிருந்து வெட்டுங்கள். அவசரப்படுகிறவரை அவன் பிடித்துவிடுவான். காத்திருப்பவரிடம் தோற்பான். நான்காம் நாள் இரவு அவன் முதன்முதலாக அடி வாங்கியபோது நான் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த வீடே எழுந்துவிட்டது.

வாள் மட்டுமல்ல, வேறு பலவற்றுக்கும் கை அசைவு உண்டு. இடது கை கண்ட்ரோலரை முன்னால் தள்ளினால் கேடயம் எழும். எதிரி அடிக்கும் அதே நொடியில் தள்ளினால் அவன் நிலை தடுமாறுவான். இரண்டு கைகளையும் குறுக்காக வீசினால் லிங்க் சுழன்று வெட்டுவான். எதிரி கீழே விழுந்ததும் இரண்டையும் சேர்த்துக் கீழே இறக்கினால் பாய்ந்து குத்துவான். வெடிகுண்டைத் தலைக்கு மேலிருந்து எறியலாம், கீழாக உருட்டியும் விடலாம். மரக் கேடயம் நெருப்பில் எரிந்துவிடும், இரும்புக் கேடயத்தில் மின்சாரம் பாயும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கை அசைக்க முடியாதவர்களுக்கு?

என் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் அவருடைய வலது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டைத் திருப்ப முடியாது. சின்ன வயதில் வீடியோ கேம் கடையில் எனக்குச் சேர்த்துக் காசு கொடுத்து, என்னைவிட நன்றாக விளையாடியவர். நாங்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீயும் ஆடுண்ணா" என்று கண்ட்ரோலரை நீட்டியபோது, "வேண்டாம்டா, பார்க்கவே நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டார்.

2011ல் வந்த வீ பதிப்பாக இருந்திருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அதில் கையை அசைத்தே தீர வேண்டும். வேறு வழி இல்லை. ஆனால் 2021 பதிப்பில் பட்டன் கண்ட்ரோல் சேர்த்திருக்கிறார்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வலது கட்டைவிரல் குச்சியை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கம் வாள் வெட்டும். குச்சியை உள்ளே அழுத்தினால் குத்தும். மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால் வாளை வானத்தை நோக்கி உயர்த்தும். காட்சியைத் திருப்ப 'எல்' பட்டனைப் பிடித்துக்கொண்டு அதே குச்சியை நகர்த்த வேண்டும். இது ஒன்றுதான் சற்றுப் பழக வேண்டிய விஷயம்.

மாற்றிக் கொடுத்தேன். அண்ணன் கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லையே! மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்தவர், இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணி இரண்டு முறை கூப்பிட்டும் எழவில்லை. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் வந்தார். கிராஹிமை மூன்றாவது முயற்சியில் வென்றார். எனக்கு எத்தனை முயற்சி ஆயிற்று என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என் மகன் சொல்லிவிட்டான்.

வாங்கும் முன்

இந்த கேம் கம்ப்யூட்டருக்கு வரவில்லை. நிண்டெண்டோ கன்சோல்களில் மட்டுமே கிடைக்கும். வாங்குவதாக இருந்தால் சிலவற்றைக் கவனியுங்கள்.

பழைய வீ கன்சோல் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. செகண்ட்ஹேண்டில் வாங்கினால் மோஷன் பிளஸ் உள்ள ரிமோட்டும், இடது கைக்கான நன்சக் கண்ட்ரோலரும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஸ்விட்ச் லைட் மாடலில் ஜாய்கான்கள் தனியே கழலாது. அதில் பட்டன் கண்ட்ரோல்தான். கையை அசைத்து விளையாட ஜாய்கான் ஜோடியைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். 2025 ஜூனில் வெளிவந்த ஸ்விட்ச் 2 கன்சோலிலும் இந்த கேம் ஓடும்.

பழைய ஜாய்கான் வாங்கும்போது கட்டைவிரல் குச்சியைச் சோதியுங்கள். தொடாமலே லிங்க் தானாக நடந்தால் குச்சி தேய்ந்துவிட்டது என்று பொருள். மேலே சொன்ன ஒய் பட்டன் வைத்தியம் இதற்கு உதவாது. அது வேறு, இது வேறு.

எந்தப் பதிப்பு என்று கேட்டால், புதியவர்களுக்கு 2021 பதிப்புதான் என் சிபாரிசு. படம் தெளிவு, விநாடிக்கு 60 ஃபிரேம் என்பதால் வாள் கையோடு ஒட்டி நகர்கிறது. தானாக சேவ் ஆகும் வசதியும் உண்டு. வீ பதிப்பில் ஃபை அடிக்கடி குறுக்கிட்டுப் பேசுவாள். ரிமோட்டில் பாட்டரி குறைந்துவிட்டது என்பதைக்கூட அவளே வந்து அறிவிப்பாள். புதிய பதிப்பில் அந்தத் தொல்லையைக் குறைத்திருக்கிறார்கள். கதையை முடிக்க 40 மணி நேரம் வரை ஆகலாம். எனவே கொடுக்கும் காசுக்குக் குறைவில்லை.

ஆனால் ஒன்று. கையை அசைப்பதே உங்களுக்குப் பிடிக்காது, சோபாவில் சாய்ந்துகொண்டு விளையாடத்தான் வேண்டும் என்றால், பட்டன் கண்ட்ரோலும் ஓரளவுக்குத்தான் உதவும். எதிரிகள், புதிர்கள் எல்லாமே வாள் வீசும் கைக்காக வடிவமைக்கப்பட்டவை. இந்த வரிசையின் பிற்கால கேம்களான ப்ரெத் ஆஃப் த வைல்ட், 2023ல் வந்த டியர்ஸ் ஆஃப் த கிங்டம் இரண்டும் பட்டன்களை நம்பியே உருவானவை. வில்லைக் குறிவைக்க கைரோஸ்கோப்பைப் பயன்படுத்தலாம். அவை உங்களுக்கு அதிகம் பிடிக்கக்கூடும்.

கம்ப்யூட்டர் மட்டும்தான் இருக்கிறதா?

கவலை வேண்டாம். மோஷன் கண்ட்ரோலை ருசி பார்க்க வழி இருக்கிறது. பிளேஸ்டேஷனின் டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் கண்ட்ரோலர்களில் கைரோஸ்கோப் உண்டு. ப்ளூடூத் அல்லது யு.எஸ்.பி. வழியே கம்ப்யூட்டரில் இணைத்து, ஸ்டீம் சாஃப்ட்வேரின் கண்ட்ரோலர் செட்டிங்ஸில் கைரோவை மவுஸ் போல வேலை செய்ய வைக்கலாம். 2022 முதல் ஜாய்கான்களையும் ஸ்டீம் ஏற்றுக்கொள்கிறது.

கன்சோலின் கண்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் இணைப்பது புதிய யோசனை அல்ல. 2007ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜானி லீ, வீ ரிமோட்டை ப்ளூடூத் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்தார். அகச்சிவப்பு விளக்கு பொருத்திய ஒரு பேனாவால் சுவரில் எழுத, ரிமோட்டின் கேமரா அதைப் பார்த்துக் கர்சரை நகர்த்தியது. விலை உயர்ந்த எலெக்ட்ரானிக் வெள்ளைப்பலகையின் வேலையை ஒரு விளையாட்டு ரிமோட் செய்தது! பின்னர் அவர் மைக்ரோசாஃப்டில் கினெக்ட் கருவியின் உருவாக்கத்தில் பங்கேற்றார். கண்ட்ரோலரே இல்லாமல், உடல் அசைவைக் கேமராவால் பார்க்கும் அந்தக் கருவி 2010ல் வெளிவந்தது.

பத்திரம்!

வீ வெளியான சில வாரங்களிலேயே, ரிமோட் கையிலிருந்து நழுவிப் பறந்து டிவியை உடைத்த படங்கள் இன்டர்நெட்டில் வரத் தொடங்கின. கயிறு அறுந்துபோனதால், 2006 டிசம்பரில் சுமார் 32 லட்சம் மணிக்கட்டுக் கயிறுகளை நிண்டெண்டோ மாற்றித் தர வேண்டியதாயிற்று. 0.6 மில்லிமீட்டர் கயிற்றுக்குப் பதில் 1 மில்லிமீட்டர் கயிறு. அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை! எனவே கீழ்க்கண்டவற்றைக் கட்டாயம் பின்பற்றுங்கள்.

1. ஜாய்கானில் மணிக்கட்டுக் கயிற்றை மாட்டாமல் விளையாடாதீர்கள். ஸ்விட்ச் ஜாய்கானில் மாட்டும்போது கயிற்றுப் பட்டையில் உள்ள கூட்டல், கழித்தல் குறிகள் ஜாய்கானில் உள்ள குறிகளோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மாற்றி நுழைத்தால் சிக்கிக்கொள்ளும்.

2. கை ஈரமாக, வியர்வையாக இருந்தால் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

3. கையை முழுவதும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். டீப்பாய், கண்ணாடி ஷோகேஸ், குழந்தை எதுவும் எட்டக் கூடாது. மேலே சீலிங் ஃபேன் இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் இப்போது இல்லை.

4. மணிக்கு ஒருமுறை 10 முதல் 15 நிமிடம் ஓய்வு எடுங்கள். தோள் வலித்தால் அன்றைக்குப் போதும். தோளை வைத்து வீசுகிறீர்கள் என்பதற்கும் அதுவே அடையாளம். மணிக்கட்டு போதும்.

5. குறி தள்ளி நின்றால் கண்ட்ரோலரைத் திட்டாதீர்கள். ஒய் பட்டனைத் தட்டுங்கள்.

இவ்வளவும் படித்த பிறகு, கண்ட்ரோலரைக் கையில் எடுத்ததும் ஓங்கி வீசத்தான் தோன்றும். பரவாயில்லை, முதல் நாள் வீசிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் ஒரு டெகு பாபாவின் முன்னால் நின்று, அதன் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்து, ஒரே ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். அது இரண்டாகப் பிளந்து விழும். மவுஸை முதன்முதலாகத் தூக்கி வைத்து நகர்த்தியபோது கர்சர் சொன்னபடி கேட்டதே, அந்தச் சந்தோஷம் மறுபடியும் கிடைக்கும். பெட்டியில் கட்டி வைப்பதற்கு முன் என் மகனிடம் கேட்டிருந்தால் எனக்கு அது மூன்று நாள் முன்னதாகவே கிடைத்திருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், கேட்டுவிடுங்கள்!